கிழக்கு டெக்சாஸில் நான் விரும்பும் பாஸ் ஏரிகள்

டாலஸ் பகுதிக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ் நண்பர்களில் தூண்டில் பழக்கம் உள்ளவர்கள், வீடு பார்த்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து முடித்த கையோடு என்னிடம் கேட்பது, பாஸ் மீன் பிடிக்க எந்த ஏரிக்குப் போகலாம் என்பதுதான். இதுவரை தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே சற்று விரிவாக எழுதி வைக்கிறேன். ஏரியின் பரப்பு, கரையின் அழகு, படகுத்துறையின் வசதி ஆகிய எல்லாவற்றையும்விட, தண்ணீருக்கு அடியில் என்ன நிற்கிறது, என்ன கிடக்கிறது என்பதே ஒரு பாஸ் ஏரியின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நான் விரும்பும் ஏரிகளை எல்லாம் அந்த அளவுகோலைக் கொண்டே தேர்ந்திருக்கிறேன்.

நான் சொல்வது லார்ஜ்மவுத் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பற்றி. நம் கடற்கரைச் சந்தைகளில் சீ பாஸ் என்ற பெயரில் விற்கும் கொடுவாவுக்கும் இதற்கும் உறவில்லை. இது வட அமெரிக்காவின் சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சை படர்ந்த உடலின் நடுவே செவுளிலிருந்து வால்வரை ஒரு கரும்பட்டை ஓடும். வாயை மூடியிருக்கும்போதும் மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டி நிற்கும். ஊரில் விரால் பிடித்துப் பழகியவர்களுக்கு இதன் குணம் எளிதில் புரியும். பாசி ஓரத்திலும் மூழ்கிய மரத்தடியிலும் அசையாமல் பதுங்கியிருந்து, தலைக்கு மேலே போகும் தவளையையோ சிறு மீனையோ ஒரே பாய்ச்சலில் விழுங்குவது இரண்டுக்கும் பொதுவானது. விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காப்பதைப் போலவே, ஆண் பாஸும் வாலால் தரையைத் துடைத்து வட்டமாகப் பள்ளம் பறித்து, பெண் மீன் இட்ட முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் சில காலம் காவல் காக்கும்.

டெக்சாஸில் இயற்கையாக அமைந்த பெரிய ஏரி என்று சொல்ல வேண்டுமானால் கேடோ ஒன்றைத்தான் சொல்வார்கள். மற்றவை ஏறக்குறைய எல்லாமே இருபதாம் நூற்றாண்டில் ஆறுகளுக்குக் குறுக்கே அணை கட்டி உருவாக்கிய நீர்த்தேக்கங்கள். ஆகவே ஒவ்வோர் ஏரியின் அடியிலும் ஒரு பழைய நிலம் இருக்கிறது. அந்த நிலத்தில் வயல் இருந்ததா, காடு இருந்ததா, சாலை எங்கே போயிற்று, ஓடை எங்கே வளைந்தது என்பதை அறிந்தவருக்கே மீன் எங்கே நிற்கும் என்பது தெரியவரும். அணைக்கு முந்தைய நில வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுவதும் பார்ப்பது எனக்கு மீன் பிடிப்பதற்குச் சமமான மகிழ்ச்சியைத் தருகிறது.

என் முதல் விருப்பம் லேக் ஃபோர்க். டாலஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணத்தில், குவிட்மன், ஆல்பா, எமரி ஆகிய சிற்றூர்களுக்கு இடையே இருக்கிறது. சபைன் ஆற்றில் சேரும் லேக் ஃபோர்க் ஓடைக்குக் குறுக்கே சபைன் ஆற்று ஆணையம் கட்டிய அணை 1980இல் முடிவடைந்தது. ஏரியின் பரப்பு 27,690 ஏக்கர். இந்த ஏரியைப் பற்றி நான் மிகவும் மதிப்பது, இது தொடக்கத்திலிருந்தே பாஸ் மீனை மனத்தில் வைத்து வளர்க்கப்பட்டது என்பதைத்தான். அணைக்குள் அடங்கவிருந்த காட்டின் பெரும்பகுதியை வெட்டாமல் நிற்கவிட்டார்கள். பின்னால் மூழ்கவிருந்த பண்ணைக்குட்டைகளில், தண்ணீர் ஏறுவதற்கு முன்பே ஃபுளோரிடா வகைப் பாஸ் குஞ்சுகளை விட்டார்கள். ஏரி நிரம்ப நிரம்ப அந்தக் குட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைதாண்டிக் கலந்தபோது, ஏற்கெனவே வளர்ந்திருந்த மீன்கள் இரை நிறைந்த புதிய நீருக்குள் பரவின.

ஃபுளோரிடா வகையின் வரவு டெக்சாஸில் எத்தகைய மாற்றத்தைச் செய்தது என்பதற்கு மாநில எடைப் பதிவே சான்று. மெடினா ஏரியில் 1943இல் பிடிபட்ட 13.5 பவுண்டு மீன், 1980 வரை மாநிலத்தின் மிகப் பெரிய பாஸாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் மாநில மீன்வளத் துறை ஃபுளோரிடாவிலிருந்து குஞ்சுகளை வருவித்துப் பரப்பிய பிறகு அந்தப் பதிவு உடைந்தது. 1986 நவம்பரில் லேக் ஃபோர்க்கில் மார்க் ஸ்டீவன்சன் என்ற வழிகாட்டி 17.67 பவுண்டு எடையுள்ள மீனைப் பிடித்தார். எத்தல் என்று பெயரிடப்பட்ட அந்த மீனைக் கொல்லாமல் மாநிலத்திடம் ஒப்படைத்ததிலிருந்துதான், 13 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள பெண் மீன்களை இனப்பெருக்கத்துக்காகக் கடனாகப் பெற்று, பிறகு அந்தந்த ஏரிக்கே திருப்பிவிடும் ஷேர்லங்கர் திட்டம் வளர்ந்தது. எத்தல் பின்னர் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு கடையின் பெரிய மீன்தொட்டியில் 1994 வரை வாழ்ந்தது. இன்றைய மாநிலப் பதிவும் இதே ஏரிக்குத்தான் சொந்தம்: 1992 ஜனவரி 24 அன்று கிராப்பி என்ற வேறொரு நன்னீர் மீனைப் பிடிக்கச் சிறு மீனை இரையாகப் போட்ட பேரி செயின்ட் கிளேரின் தூண்டிலில் 18.18 பவுண்டுப் பாஸ் மாட்டியது. கிலோ கணக்கில் எட்டேகால்.

இந்தப் பெருமைக்கு மரங்களும் இனமும் மட்டும் காரணமாகிவிடாது. 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட நீளமுள்ள பாஸை இங்கே யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். 16 அங்குலத்துக்குக் குறைந்தவற்றை எடுக்கலாம், 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளதில் நாளொன்றுக்கு ஒன்றைத்தான் எடுக்கலாம். சிறிய மீன்கள் குறையும்போது மிஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகக் கிடைக்கிறது, முட்டையிடும் நடுத்தர மீன்கள் பாதுகாக்கப்படுகின்றன, அவற்றுள் சில பேருருவம் எடுக்கும்வரை வாழ்கின்றன. முதலில் கேட்பவருக்கு விசித்திரமாகத் தோன்றும் இந்த விதி, என் பார்வையில் இந்த மாநிலத்தில் மீனுக்காக இயற்றப்பட்ட விதிகளில் மிகவும் அறிவார்ந்தது.

லேக் ஃபோர்க்கில் நான் பெரும்பாலும் பயன்படுத்துவது டெக்சாஸ் ரிக் என்ற எளிய அமைப்பு. தோட்டா வடிவ ஈயத்தைத் தூண்டில் நரம்பில் கோத்து, வளைந்த கழுத்துள்ள முள்ளைக் கட்டி, மென்பிளாஸ்டிக் புழுவின் தலையில் முள்ளை ஏற்றி வெளியே எடுத்துத் திருப்பி, முள்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். முனை வெளியே தெரியாததால், கிளைகளுக்கு இடையே இழுத்தாலும் எதிலும் சிக்காது. மூழ்கிய மரத்தின் வேரருகே அதை இறக்கி, ஈயம் தரையைத் தொட்டதும் கோலின் நுனியை மெல்ல உயர்த்தித் தாழ்த்திக்கொண்டே வர வேண்டும். ஈயம் கிளைமேல் ஏறுவதும் மறுபுறம் விழுவதும் கைக்குத் தெரியும். பாஸ் எடுக்கும்போது பெரும்பாலும் இழுப்பே இருக்காது. நரம்பு வழியே ஒரே ஒரு தட்டு வரும், அல்லது நேராகத் தொங்கிய நரம்பு சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அப்போது தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு கோலை ஓங்கி உயர்த்தினால்தான் முள் பிளாஸ்டிக்கைக் கிழித்துத் தாடையில் ஏறும்.

பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை, ஓடைகளின் தலைப்பகுதிகளில் தண்ணீர் 15, 16 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது, பெரிய பெண் மீன்கள் முட்டையிட ஆழமற்ற இடங்களுக்கு வருகின்றன. தெளிந்த நீரில் கூட்டின் மேல் நிற்கும் மீனைக் கண்ணால் பார்த்தே தூண்டில் வீசுவது இங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, பலரும் செய்வதும்கூட. நான் செய்வதில்லை. காவல் நிற்கும் ஆண் மீன் சிறிது நேரம் விலகினாலும், சுற்றிலும் காத்திருக்கும் புளூகில் என்ற சிறு மீன்களின் கூட்டம் முட்டைகளைத் தின்றுவிடுகிறது. கூட்டுக்கு வரும் வழியில், ஓடையின் பழைய கால்வாய் கரையை நெருங்கும் வளைவுகளில் நின்று மீனை எதிர்கொள்வதே எனக்கு நிறைவைத் தருகிறது. 515, 154 எண் சாலைப் பாலங்களை ஒட்டிய இடங்கள் புதியவர்கள் தொடங்க ஏற்றவை. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மரமுண்டுகள் மறைந்திருப்பதால், குறியிட்ட படகுப் பாதையை விட்டு வேகமாக ஓட்டக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்தது கேடோ. பாஸின் எண்ணிக்கைக்காக மட்டும் ஒருவர் ஏரியைத் தேர்ந்தால் கேடோவைப் பட்டியலின் இரண்டாம் இடத்தில் வைக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் டெக்சாஸ், லூசியானா எல்லையில் விரிந்துள்ள இந்த ஏரியில், தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து நிற்கும் சைப்ரஸ் மரங்களும், அவற்றின் கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் என்ற செடியும், வேறெந்த ஏரியிலும் எனக்குக் கிடைக்காத அமைதியைத் தருகின்றன. ரெட் ஆற்றில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மரங்கள் சேர்ந்து அடைத்துக்கொண்ட மாபெரும் மரத்திரளால் தேங்கிய நீரே இந்த ஏரி. 1873இல் அந்தத் திரளை முற்றிலும் அகற்றியபோது நீர்மட்டம் தாழ்ந்து, அதுவரை நீராவிக் கப்பல்கள் வந்துபோன ஜெஃபர்சன் நகரத் துறைமுகம் வாழ்விழந்தது. பிறகு 1914இல் லூசியானாப் பக்கத்தில் கட்டிய அணையால்தான் ஏரி நிலைபெற்றது.

கேடோவில் ஆழம் குறைவு. ஒவ்வொரு சைப்ரஸ் மரத்தின் அடியும் மீன் நிற்கக்கூடிய இடம்தான். அகன்ற அடிமரத்தைச் சுற்றி முழங்கால்களாக மேலெழும் வேர்களில், நிழல் விழும் பக்கத்தை ஒட்டி இரையை ஓசையின்றி இறக்க வேண்டும். அல்லி இலைகள் மூடிய இடங்களில் ரப்பர் தவளையை இலைமேல் இழுத்துவந்து, இடைவெளி தெரியும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தினால், கீழிருந்து தண்ணீர் வெடித்துச் சிதறும். அந்த நொடியிலேயே இழுத்துவிடாமல், தவளை மறைந்து நரம்பில் கனம் தெரியும்வரை பொறுக்க வேண்டும் என்பதை விரால் பிடித்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரங்களுக்கு இடையே வழி தவறுவது மிக எளிது என்பதால், எண்ணிட்ட கம்பங்கள் காட்டும் படகுப் பாதைகளைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

இந்த ஏரியை எண்ணும்போது எனக்குக் கவலையும் வருகிறது. 1993இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இந்த நீர்ப்பரப்பில் 2006இல் ஜெயன்ட் சால்வினியா என்ற மிதக்கும் களை கண்டறியப்பட்டது. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்ற பெயரில் காயல்களையும் வயல்களையும் மூடிய அதே செடி இது. அது நீரின் மேல் கம்பளமாகப் படர்ந்துவிட்டால் கீழே வெளிச்சமும் ஆக்சிஜனும் குறைந்து மீன்கள் வாழ முடியாமல் போகிறது. கேரளத்தில் 1980களில் இதை அடக்க உதவிய தென் அமெரிக்கக் கூன்வண்டையே கேடோவிலும் விடுகிறார்கள். ஆனால் இங்குள்ள குளிர்காலத்தில் வண்டுகள் பெருமளவில் இறந்துவிடுவதால், பசுமைக்குடில்களில் வளர்த்து மீண்டும் மீண்டும் விட வேண்டியிருக்கிறது. ஏரியை விட்டு வெளியேறும்போது படகையும் இழுவண்டியையும் ஒரு இலைத்துணுக்கும் இல்லாமல் துடைத்து, தண்ணீரை வடித்துவிடுவதை நம்மவர்கள் அக்கறையோடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீரை வடிப்பது சட்டமும்கூட.

களை எல்லாமே கேடு என்று சொல்லிவிடவும் முடியாது. சாம் ரேபர்ன் ஏரியின் புகழுக்குக் காரணமே ஒரு களைதான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் புனலைக் கவிழ்த்துச் சோதனைக்குழாயில் ஆக்சிஜன் குமிழிகள் சேர்வதைப் பார்த்தோமே, அந்த ஹைட்ரில்லாதான் அது. 1950களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்ததாகப் பதிவாகியுள்ள இந்தச் செடி, இன்று தென் மாநிலங்களின் ஏரிகளில் படகோட்டிகளுக்குத் தொல்லையாகவும் பாஸுக்கு உறைவிடமாகவும் இருக்கிறது. ஏஞ்சலினா ஆற்றின் மேல் 1965இல் முடிவடைந்த சாம் ரேபர்ன், நாடாளுமன்றக் கீழவையின் நெடுங்கால அவைத்தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. 1,14,500 ஏக்கர் பரப்புள்ள இது, டெக்சாஸ் எல்லைக்குள் முழுமையாக அடங்கிய ஏரிகளில் மிகப் பெரியது.

பிப்ரவரியில் இங்கே செய்ய வேண்டியது ஒன்றே. நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் ஆள் ஆழத்தில் நிற்கும் ஹைட்ரில்லாவின் கொழுந்துகளுக்கு மேலாக, உள்ளே குண்டுகள் கலகலக்கும் ரேட்-எல்-ட்ராப் போன்ற சிவப்பு நிறத் தூண்டில்மீனை வீசி, அது கொழுந்தில் சிக்கும் ஆழத்தில் சுற்றிவர வேண்டும். சிக்கியதும் மணிக்கட்டால் வெடுக்கென்று சுண்டி விடுவிக்க வேண்டும். செடியிலிருந்து விடுபட்டுத் துள்ளும் அந்தக் கணத்தில்தான் பாஸ் அடிக்கிறது. குளிர்காலம் முடிந்து சேற்றிலிருந்து வெளிவரும் நன்னீர் நண்டு வகையின் நிறத்தை அந்தச் சிவப்பு ஒத்திருக்கிறது என்பார்கள். கரைக்கு வந்த மீனின் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பற்றினால், உப்புத்தாளைத் தேய்த்ததுபோல் விரலின் தோல் உரியும். மாலையில் அந்த எரிச்சலோடு வீடு திரும்புவதில் ஒரு பெருமிதம் உண்டு. பெரிய மீனானால் தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல் மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். அதன் எடையே அதன் தாடையைக் கெடுத்துவிடும்.

டொலிடோ பெண்ட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதை அறிய எனக்கு இன்னும் காலம் வேண்டும். சபைன் ஆறே இரு மாநிலங்களின் எல்லையாக ஓடும் இடத்தில் 1969இல் முடிவடைந்த இந்த நீர்த்தேக்கம் 1,80,000 ஏக்கருக்கும் மேல் பரந்தது. அமெரிக்கப் பாஸ் இதழொன்றின் தரவரிசையில் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. காற்று எழுந்தால் கடல்போல் அலையடிக்கும். சிறு படகுகளுக்கு ஏற்றதல்ல.

மேற்கு டெக்சாஸில், சான் ஏஞ்சலோ நகருக்குக் கிழக்கே இருக்கும் ஓ.எச். ஐவி ஏரி கிழக்கு டெக்சாஸைச் சேர்ந்ததல்ல என்றாலும் இங்கே சொல்லாமல் விட முடியாது. கான்சோ ஆறும் டெக்சாஸின் கொலராடோ ஆறும் கூடும் இடத்தில் 1990இல் உருவான இந்த ஏரி, நெடிய வறட்சியில் வற்றிச் சுருங்கியது. வெளிப்பட்ட படுகையில் மெஸ்கீட் மரங்களும் புதர்களும் முளைத்து வளர்ந்தன. மெஸ்கீட், நம் கண்மாய்களில் மண்டும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. பிறகு பெருமழைகளால் தண்ணீர் ஏறியபோது அந்தப் புதர்க்காடு முழுவதும் மூழ்கி, பாஸ் குஞ்சுகளுக்கு மறைவிடமும் இரையும் தந்தது. 2021 முதல் அடுத்தடுத்த ஆண்டுகளில் 13 பவுண்டைத் தாண்டிய மீன்கள் இந்த ஏரியிலிருந்து வரிசையாக வந்தன. நீருக்கு அடியில் இருப்பதே ஏரி என்ற என் எண்ணத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் அந்த மீன்களில் பலவற்றை, படகுக்கு முன்னால் நீந்தும் ஒவ்வொரு மீனையும் திரையில் நேரலையாகக் காட்டும் புதிய சோனார் கருவிகளின் உதவியோடு பிடிக்கிறார்கள். சில போட்டி அமைப்புகள் இவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்திருப்பதை நான் வரவேற்கிறேன். ஏரியைப் படித்து மீனைத் தேடுவதில் உள்ள இன்பத்தைத் திரை எடுத்துக்கொள்கிறது.

குழம்பு வைக்கலாமா என்று கேட்காத தமிழர் இல்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கேடோ, சாம் ரேபர்ன், டொலிடோ பெண்ட் ஆகியவற்றின் பாஸில் பாதரசம் இருப்பதால் உண்ணும் அளவைக் குறைத்துக்கொள்ளும்படி மாநிலச் சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது; கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். பெரிய பாஸ் வயதான மீன் என்பதால் சுவையும் குறைவு. சமைப்பதற்குக் கிராப்பியும் கெளுத்தியும் இருக்கின்றன. பாஸை நான் விட்டுவிடுகிறேன்.

படகு இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்தோ மீன்பிடி மேடையிலிருந்தோ தூண்டில் போட உரிமம் தேவையில்லை. கேடோ ஏரி மாநிலப் பூங்காவின் மில் பாண்ட், டாலஸுக்கு வடக்கே ரே ராபர்ட்ஸ் ஏரியின் பூங்காக்கள் ஆகியவை கரையிலிருந்து தொடங்க நல்லவை. பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏதென்ஸ் நகரிலுள்ள மாநில நன்னீர் மீன்வள மையத்தையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷேர்லங்கர் மீன்கள் முட்டையிடுவது அங்குள்ள தொட்டிகளில்தான். நீர்மூழ்கி வீரர் பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கி, பாஸ் மீன்களுக்குக் கையால் இரை கொடுத்துக்கொண்டே குழந்தைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லும் காட்சியும் அங்கே நடக்கும். அங்கிருந்து லேக் ஃபோர்க் அதிகத் தொலைவில்லை. காலையில் மையத்தைப் பார்த்துவிட்டு மாலை வெயில் தாழும்போது ஏரிக்கரைக்குப் போய்விடலாம்.